சிறிய வீட்டில் வீணையை எங்கே வைப்பது?

வீணையின் சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றித் தனியே துணியில் சுற்றிவிட்டு, வீணையைப் பரணில் ஏற்றாமல் கட்டிலுக்கு அடியில், ஒரு மரப்பலகையின் மேல் கனத்த பருத்தி விரிப்பைப் போட்டுப் படுக்கவையுங்கள். குடுக்கை நீங்கியதும் தண்டியின், அதாவது வீணையின் நீண்ட கழுத்தின், தலைப்பக்கம் தாங்கலின்றித் தொங்கும் என்பதால், யாளி முகத்துக்குச் சற்று முன்னால் ஒரு பழைய வேட்டியை உருட்டி முட்டுக்கொடுப்பது அவசியம்.

இடம் என்றதும் பரண்தான் நினைவுக்கு வரும். ஆனால் வீணைக்கு அதைவிடக் கெடுதலான இடம் வீட்டில் இல்லை. அதன் 24 மெட்டுகளும், அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளும், கரித்தூள் கலந்த தேன்மெழுகில் பதிக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரையை ஒட்டிய பரண் கொதிக்கும்போது அந்த மெழுகு இளகி, மெட்டு மயிரிழை நகர்ந்தாலே சுருதி பிசகிவிடும். கட்டிலடி நாள் முழுவதும் நிழலாக இருப்பதால் மெழுகு இறுகியே இருக்கும். யாரும் இடறவும் வழியில்லை. தந்திகளை இலேசாகத் தளர்த்தினால் போதும், முழுதும் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை இடம் பெயரும்.

வீணையின் பருத்த பகுதியான குடத்தின் உயரத்தையும் கட்டிலடி இடைவெளியையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். மழைநீர் கசியும் தரைத்தளத்திலும், கரையான் தொல்லை உள்ள வீட்டிலும் இம்முறை வேண்டாம். குடுக்கை திருகில் இறுகிச் சுழல மறுத்தால் பலவந்தமாகக் கழற்றாமல் வீணை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் காய்ந்த சுரைக்காய் எளிதில் விரிசல் விடும்.