பிள்ளைகளோடு முதல் மான் வேட்டை: டெக்சஸில் தொடங்குகிறவர்களுக்கு

என் மகளின் வலது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. அரை அங்குலம்கூட இருக்காது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதற்குக் காரணம் நான். 11 வயதுப் பிள்ளையின் கையில் பெரியவர்கள் சுடும் என்னுடைய .30-06 ரக ரைஃபிளைக் கொடுத்து, "தோளில நல்லா அழுத்திப் பிடி, ஒண்ணும் ஆகாது" என்றேன். சுட்டதும் துப்பாக்கி உதைத்தது, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. அன்றோடு சரி, அவள் துப்பாக்கிப் பக்கமே வருவதில்லை.

நான்கு வருஷம் கழித்து அக்கா மகன், 12 வயது, "மாமா, என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். இந்த முறை ஏப்ரலிலேயே தொடங்கி அக்டோபர்வரை மெதுவாகப் போனோம். அந்த ஆறு மாதத்தில் செய்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். இது டெக்சஸுக்கு, அதுவும் வெண்வால் மானுக்கு. வேறு மாநிலம் என்றால் விதிகள் மாறும்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மானைச் சுட்டால் சிறைதான். அந்த நினைப்போடு வளர்ந்த நமக்கு இங்கே 7 டாலருக்குச் சிறுவர் லைசென்ஸ் விற்பது விநோதமாகத்தான் இருக்கும். அக்கா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

படி 1: முதலில் துப்பாக்கி இல்லாமல் கூட்டிப்போங்கள்

பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா, இல்லை அப்பாவுக்கோ மாமாவுக்கோதான் ஆசையா என்று பாருங்கள். என் மகள் விஷயத்தில் ஆசை என்னுடையது. ஒரு விடியற்காலையில் பைனாகுலரை மட்டும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்க முடிகிறதா? முடிந்தால், வேறு யாராவது சுட்ட மானின் வயிற்றைக் கிழித்துக் குடல் எடுப்பதையும் பார்க்கட்டும். அதைப் பார்த்துவிட்டு "எனக்கு வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வற்புறுத்தினால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

படி 2: வகுப்பு, லைசென்ஸ்

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். சான்றிதழ் 9 வயதிலிருந்து கிடைக்கும். 9 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளை வகுப்பு முடிக்காவிட்டாலும் பெரியவர் துணையோடு போகலாம். அந்தப் பெரியவருக்கு 17 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் வகுப்பை முடித்தவராகவோ விலக்குப் பெற்றவராகவோ இருக்க வேண்டும், சாதாரணக் குரலில் சொன்னால் பிள்ளைக்குக் கேட்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

சட்டம் விலக்குக் கொடுத்தாலும் நான் சொல்வது, வகுப்புக்கு அனுப்புங்கள். நீங்களும் கூடவே உட்காருங்கள். நாம் பத்து தடவை சொன்னால் பிள்ளைகள் காதில் ஏறாத விஷயம், வகுப்பாசிரியர் ஒரு தடவை சொன்னால் ஏறிவிடுகிறது.

இந்த வகுப்புகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1937-ல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி, ரைஃபிள், தோட்டா தயாரிப்பவர்களிடம் 11% வரி வாங்குகிறார்கள். அது மாநிலங்களுக்குப் பிரிந்து வனவிலங்குப் பணிக்கும் இந்தப் பயிற்சிக்கும் போகிறது.

எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) எத்தனை மான் சுடலாம், கொம்பு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் 'அவுட்டோர் ஆனுவல்' செயலியில் இருக்கும். பல கவுண்டிகளில் ஆண் மானின் கொம்புகளுக்கு நடுவே 13 அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளைவிடாமல் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை ஸ்கோப் வழியாக 13 அங்குலத்தைக் கணிக்கும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பெண் மானுக்கு அனுமதி இருக்கும் இடமாகப் பாருங்கள்.

படி 3: இடமும் நாளும்

பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை திறக்கும். அதற்கு முந்தைய வாரக் கடைசி சிறுவர்களுக்கு மட்டும். அதை விடாதீர்கள். சீசன் தொடங்கிப் பெரியவர்கள் சுட ஆரம்பித்தால் மான்கள் உஷாராகிவிடும்.

டெக்சஸில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். பண்ணைக்காரர் பழக்கம் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு டெக்சஸ் யூத் ஹண்டிங் புரோகிராம் ஒரு வரப்பிரசாதம். 1996-ல் தொடங்கியது. 9 முதல் 17 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள். பண்ணை உரிமையாளர் இடம் தருகிறார், தன்னார்வலர்கள் வழிகாட்டுகிறார்கள், பெற்றோரோ பாதுகாவலரோ கூடவே தங்க வேண்டும். நாங்கள் போனது லானோ பக்கம், ஒரு நண்பரின் நண்பர் நிலத்துக்கு. கருவேல மரமும் கருங்கல் பாறையுமாக நம்மூர்க் கரடு மாதிரியே இருந்தது.

படி 4: துப்பாக்கி

மகளின் தழும்புக்குக் காரணமான தவறு இந்தப் படியில்தான் நடந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

.30-06 நல்ல துப்பாக்கிதான், ஆனால் பிள்ளைக்கு இல்லை. அதன் உதையில் ஏறக்குறைய பாதிதான் .243 வின்செஸ்டர் என்ற சிறிய ரகத்தில் இருக்கும். 100 கிரெய்ன் எடையுள்ள குண்டோடு அது 150 கஜத்துக்குள் நிற்கும் மானுக்குத் தாராளம். 6.5 கிரீட்மோர், 7எம்எம்-08 ரகங்களும் நல்ல தேர்வுகள். அண்ணன் தம்பியிடம் இருக்கிறதே என்று .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் துப்பாக்கியை மானுக்கு எடுத்துப் போகக் கூடாது. சட்டமும் இடம் கொடுக்காது, மானும் காயத்தோடு ஓடிவிடும்.

அடுத்து கட்டையின் நீளம். தோளில் வைக்கும் முனையிலிருந்து ட்ரிகர் வரை பெரியவர்கள் துப்பாக்கியில் 13.5 அங்குலம் இருக்கும். பிள்ளைகளுக்கு 12.5 அல்லது அதற்கும் குறைவு வேண்டும். நீளமான கட்டையில் பிள்ளை கழுத்தை முன்னால் நீட்டும், கண் ஸ்கோப்பை ஒட்டிப் போகும், அப்புறம் புருவம். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலம் வேண்டும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால்!

பயிற்சி வரிசை இப்படி: இரண்டு மாதம் ஏர் ரைஃபிள், வீட்டுக் கொல்லையில். அப்புறம் சுடும் பயிற்சி மைதானமான ரேஞ்சில் .22. அதற்கும் பிறகுதான் .243. அதுவும் ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குண்டுக்கு மேல் வேண்டாம். காதுக்குப் பஞ்சு மாதிரியான செருகி, அதற்கு மேல் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, மூன்றும் கட்டாயம். சத்தத்துக்குப் பயந்து பிள்ளை ட்ரிகரை இழுக்கும் கணத்தில் கண்ணை மூட ஆரம்பித்தால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும் பாடு. அப்படி ஆகிறதா என்று பார்க்க ஒரு வழி: சொல்லாமல் நடுவில் வெடிக்காத ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். 'டிக்' என்ற சத்தம் வரும்போது குழல் துள்ளினால் பயம் இருக்கிறது. திரும்ப .22-க்குப் போங்கள்.

நான்கு விதிகளைத் தினமும் சொல்ல வைத்தேன். எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினை. குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம். சுடும் நொடிவரை விரல் ட்ரிகருக்கு வெளியே. என்ன நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி பெட்டிக்குள், பூட்டு, சாவி என் பையில். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்கு எட்டும்படி விட்டுவைத்தால் டெக்சஸில் அதுவே குற்றம்.

படி 5: காகிதத் தட்டு

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல அகலம். பார்ட்டிக்கு வாங்கும் காகிதத் தட்டு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் தாங்கும் முக்காலியை ஊன்றி, உட்கார்ந்தபடி, 100 கஜத்தில் ஐந்துக்கு ஐந்து தட்டில் பட வேண்டும். 100 கஜத்தில் ஐந்தில் நாலுதான் படுகிறது என்றால் காட்டில் 75 கஜத்துக்கு மேல் அனுமதி இல்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் அங்கே போய்ப் பேரம் பேச மாட்டான்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. அதுதான் குறி. தலை, கழுத்து வேண்டவே வேண்டாம். நேருக்கு நேர் பார்த்து நின்றாலும் வேண்டாம். மான் படங்களை அச்சடித்து, பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னேன். பத்து நாளில் என்னைவிட நன்றாக வைத்தான்.

படி 6: பிளைண்டில்

ஆள் மறைந்து உட்காரும் கூடாரத்தை இங்கே பிளைண்ட் என்பார்கள். காற்று மானிடமிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரை சுடலாம். பிள்ளைக்கு வசதியான நாற்காலி, தண்ணீர், சத்தம் வராத தீனி. முறுக்கு கொண்டுபோய்த் தவறு செய்தோம், அதிரசம் தேவலை. ஆரஞ்சு மேலங்கி தனியார் நிலத்தில் கட்டாயம் இல்லை, ஆனாலும் போட்டோம். மானுக்கு அந்த நிறம் சரியாகத் தெரியாது, பக்கத்து நிலத்து ஆளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை 8 மணி இருக்கும். 60 கஜத்தில் ஒரு பெண் மான், நன்றாகப் பக்கவாட்டில். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. "சேஃப்டியை எடுடா" என்று காதோரம் சொன்னேன். சுடாமல் தடுக்கும் அந்தத் தாழை எடுத்தான். விரல் வெளியே. ஐந்து விநாடி, பத்து விநாடி. ஏன் சுடவில்லை என்று கேட்க வாயெடுத்தேன்.

"மாமா, பின்னாடி இன்னொண்ணு நிக்குது."

பைனாகுலரில் பார்த்தேன். புதருக்குள் ஒரு காது மட்டும் அசைந்தது. நான் கவனிக்கவே இல்லை. குண்டு இதைத் துளைத்து அதையும் தைத்திருக்கும். "சரி, சேஃப்டி போடு" என்றேன். இரண்டும் மெல்ல மேய்ந்துகொண்டே ஓடைக்குள் இறங்கிவிட்டன. மதியம் முழுக்க அவன் முகம் தொங்கிக் கிடந்தது. நான் அவனுக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன். இந்த இடத்தில் பெரியவர்கள் செய்யும் தவறு, "விட்டுட்டியேடா" என்பது. அந்த வார்த்தையை விழுங்கிவிடுங்கள்.

படி 7: சுட்ட பிறகு

அன்று மாலை 6:20-க்குச் சுட்டான். சுட்டதும் செய்ய வேண்டியது: அடுத்த தோட்டாவை ஏற்று, மானைப் பார்த்துக்கொண்டே இரு, எந்த மரத்தைத் தாண்டி மறைந்தது என்று மனதில் குறி. உடனே ஓடக் கூடாது. நெஞ்சில் பட்ட மான்கூட 50, 100 கஜம் ஓடித்தான் விழும். அரை மணி நேரம் காத்திருங்கள்.

தரையில் இரத்தம் நுரைத்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அப்போது ராத்திரி முழுக்கக்கூடக் காத்திருக்க வேண்டி வரும். அவசரப்பட்டுத் துரத்தினால் மான் எழுந்து இன்னும் தூரம் போய்விடும், பிறகு கிடைக்காது. எங்களுக்கு நுரை. 40 கஜத்தில் கிடந்தது. கிட்டே போனதும் நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்காவிட்டால் முடிந்துவிட்டது.

அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "வலிச்சிருக்குமா மாமா?" என்றான். இதற்கு என்ன பதில் என்று முன்பே யோசித்து வையுங்கள், கட்டாயம் கேட்பார்கள். "வலிச்சிருக்கும்டா. ரொம்ப நேரம் இல்ல" என்றேன். அவன் கொஞ்ச நேரம் மானின் கழுத்து மயிரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் போட்டோ எடுக்கவில்லை. அப்புறம் அவனே கேட்ட பிறகு எடுத்தேன்.

லைசென்ஸோடு வரும் டேக் என்ற அடையாளச் சீட்டை அங்கேயே, அப்போதே கிழித்துத் தேதி குறித்து மானில் கட்ட வேண்டும். "வண்டிக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பது கிடையாது.

படி 8: கறி

உண்ணக்கூடிய கறியை வீணாக்குவது டெக்சஸில் குற்றம். அக்டோபர் மாலையில் அங்கே குளிர் இருக்காது, அதனால் சீக்கிரம் குடல் எடுத்து உள்ளே ஐஸ் பைகளை அடையுங்கள். கையுறை போட்டு, கத்தி முனையை இரண்டு விரலுக்கு நடுவே மேல்நோக்கிப் பிடித்து, தோலை மட்டும் கீறிக்கொண்டே போக வேண்டும். குடலிலோ மூத்திரப்பையிலோ கத்தி படக் கூடாது. கைவராதவர்கள் பக்கத்து ஊர் ப்ராசஸரிடம் கொடுத்தால் வெட்டிப் பொட்டலமாகவே தருவார். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் தெறித்திருக்கும். பிள்ளைகள் சாப்பிடப் போகும் கறி என்பதால் இப்போது நான் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டேன்.

டெக்சஸில் 2012 முதல் சில பகுதிகளில் மான்களுக்கு சிடபிள்யூடி என்ற மூளைநோய் காணப்படுகிறது. அந்தப் பகுதிகளில் சுட்டிருந்தால் கழுத்து நிணநீர்க் கட்டியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இருந்தால் சாப்பிடக் கூடாது.

சமையலில் ஒன்றே ஒன்று: மானின் கொழுப்பை ஒட்டாமல் எடுத்துவிடுங்கள். ஆறினால் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். முதுகுச் சதையை இரும்புத் தோசைக்கல்லில் உப்பு மிளகு மட்டும் போட்டுச் சட்டென்று வாட்டி எடுங்கள். தொடைக் கறி குக்கரில் ஐந்தாறு விசில் கேட்கும், அதற்குப் பிறகு சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுச் சுக்காவாக வறுக்கலாம்.

பொட்டலங்களின் மேல் அவன்தான் எழுதினான். "மான், இடது தொடை, சனிக்கிழமை மாலை." 17 பொட்டலத்திலும் அதே 'சனிக்கிழமை மாலை'. அக்கா ஃப்ரீசரைத் திறந்து, ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு, இஞ்சி பூண்டு இருக்கிறதா என்று கேட்டாள்.