வீட்டுல யாராவது "கடனுக்காக கிட்னிய வித்துரலாம்னு இருக்கேன்"னு சொன்னா என்ன பண்றது

முதல்ல கத்தாதீங்க. கத்தினா அடுத்த தடவை உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, புரோக்கர்கிட்ட மட்டும்தான் பேசுவாங்க. மொத்தம் எவ்ளோ கடன், யார் யாருக்கு, எவ்ளோ வட்டின்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுத வைங்க, ஏன்னா குழு லோனோ வட்டிக்காரனோ கழுத்த நெரிக்காம பெரும்பாலும் யாரும் இந்த முடிவுக்கு வர்றதில்ல. நிறைய பேர் கிட்னி வித்ததால சென்னை வில்லிவாக்கத்துக்கு கிட்னிவாக்கம்னு பேரு வந்ததும், சுனாமிக்கப்புறம் எர்ணாவூர் குடியிருப்புல கிட்னி வித்ததும், 2025ல பள்ளிப்பாளையம் விசைத்தறி தொழிலாளர்கள் கிட்னி வித்த விஷயம் வெளிய வந்ததும் இதே கதைதான்.

அப்புறம் கணக்கு காட்டுங்க. சென்னையில கிட்னி வித்த 305 பேர்கிட்ட பேசி 2002ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 96% பேர் கடன அடைக்கத்தான் வித்தாங்க, சொன்ன பணம் முழுசா கைக்கு வரல, வித்துட்டும் முக்கால்வாசிப் பேர் கடன்லயே இருந்தாங்க, குடும்ப வருமானம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு. வித்தவங்கள்ல 71% பொம்பளைங்க, "புருஷன் உழைக்கணும்ல, நீ போ"ன்னு வீட்டுல சொல்றது எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாததா என்ன.

"என் உடம்பு, என் இஷ்டம்"னு சொல்லுவாங்க பாருங்க, அங்கதான் நிறைய பேர் தடுமாறுவாங்க. அதுல நியாயம் இல்லாம இல்ல, ஆபரேஷன் பண்ற டாக்டருக்கு காசு, ஆஸ்பத்திரிக்கு காசு, புரோக்கருக்கு காசு, அறுத்துக் குடுக்கறவனுக்கு மட்டும் ஏன் கூடாதுன்னு கேட்டா சட்டுனு பதில் வராது. இரான்ல சட்டப்படியே காசு குடுக்கறாங்க, ஆனா அங்கயும் விக்கறது இல்லாதவங்கதான். எனக்கு உறுத்தறது வேற. கிட்னிக்கு ஒரு ரேட் வந்துட்டா அது கடன் குடுக்கறவன் கண்ணுல அடமானம் ஆயிடும், "உனக்குத்தான் கிட்னி இருக்கே, வித்துக் கட்டு"ன்னு வாசல்ல நின்னு கேப்பான், அப்போ விக்க இஷ்டமில்லாத பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேத்துதான் நெருக்கடி. இத பொறுமையா சொல்லிப் பாருங்க, புரியும்.

புரோக்கர் வந்தா ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "பேப்பர்ல என்ன உறவுன்னு எழுதுவ?" 1994 உறுப்பு மாற்று சட்டப்படி பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க, கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க இவங்கதான் நெருங்கின சொந்தம். மத்தவங்க பாசத்துல குடுக்கறதா இருந்தா காசு கைமாறலையான்னு விசாரிச்சு அனுமதி குடுக்கற அங்கீகாரக் குழு முன்னாடி போய் உக்காரணும், அங்க பொய் சொல்லத்தான் ட்ரெயினிங் குடுப்பான். குழு முன்னாடி போனப்புறம்கூட, ஏன் ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட, வேண்டாம்னு சொல்லலாம், அத அழுத்திச் சொல்லுங்க. காசுக்கு வித்து மாட்டினா 5லருந்து 10 வருஷம் ஜெயில், 20 லட்சத்துலருந்து 1 கோடி வரைக்கும் ஃபைன், வாங்கினவனுக்கும் வித்தவனுக்கும் ஒரே தண்டனை. கடன்ல மூழ்கி வித்தவனுக்கு 20 லட்சம் ஃபைன்னு எழுதினது எனக்கு சுத்தமா ஒப்பல, அந்த பயத்துலதான் ஏமாந்தவங்க யாரும் வாயத் திறக்கறதில்ல.

கடனுக்கு வழி தேடறதுதான் உண்மையான வேலை. 15100க்கு போன் போட்டா இலவச சட்ட உதவி கிடைக்கும், கந்துவட்டிக்கு 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. மிரட்டறவன்கிட்ட எழுதிக் குடுத்த பத்திரம், செக் எல்லாத்துக்கும் ஒரு லிஸ்ட் போட்டு, சட்ட உதவிக்குப் போறப்ப எடுத்துட்டுப் போங்க.

ஏற்கனவே வித்துட்டாங்கன்னா குத்திக்காட்டாதீங்க, அதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. டிஸ்சார்ஜ் பேப்பர வாங்கி பத்திரமா வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பிபி, கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்), யூரின்ல புரோட்டீன் பாக்கச் சொல்லுங்க, மெடிக்கல்ல கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடற பழக்கத்த நிறுத்தச் சொல்லுங்க, எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒரு கிட்னிதான்னு மறைக்காம சொல்லணும்.