விமான பிஸ்டன் இன்ஜின் பராமரிப்பு: சிலிண்டரில் கை வைக்கும் முன்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் காற்றைப் பிடித்து வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு ஓடி வந்தான். "சார், மூணாவது சிலிண்டர் 58தான் நிக்குது. கழட்டிடலாமா?" பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது எனக்கு. ஆயில் மூடியைத் திருக மறப்பது, ஸ்பேனரை கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடும் உறை) விட்டுவிடுவது போன்றவற்றை எல்லாரும் சொல்லித் தருவார்கள். அதை விடுங்கள்.

ஒரே ரீடிங்கில் சிலிண்டரைக் கழற்றுவது

பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, புரொப்பெல்லரை இறுகப் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக 80 பி.எஸ்.ஐ. காற்று கொடுக்கிறோம். இரண்டாவது கேஜில் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் ரீடிங்: 72/80, 58/80 என்று எழுதுவோம். இன்ஜின் ஓடி நின்ற சூட்டோடு எடுக்க வேண்டியது இது. ஆறிய இன்ஜினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை அடைக்கும் ஆயில் வழிந்திருக்கும், பாகங்களும் ஓடும்போது இருக்கும் அளவுக்கு விரிந்திருக்காது. காற்று கசியத்தானே செய்யும்?

ஒரே ரீடிங்கை நம்பிக் கழற்றும் தவறை ஒருமுறை நானும் செய்தேன். காலையில், ஆறிய இன்ஜினில், ஒரே ஒரு ரீடிங். எங்கே கசிகிறது என்று காது கொடுத்தும் கேட்கவில்லை. எக்ஸாஸ்ட் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், காற்று உள்ளே போகும் வழியில் கேட்டால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். போர்ஸ்கோப் (துளை வழியாக உள்ளே பார்க்கும் சிறு கேமரா) விட்டு வால்வைப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கழற்றிய சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சிலிண்டரைப் பிடிக்கும் த்ரூ போல்ட்டுகள்தான் (குறுக்கே ஊடுருவிப் போகும் நீள போல்ட்டுகள்) இன்ஜினின் கூடான கிராங்க்கேஸின் இரு பாதிகளையும், நடுவில் சுழலும் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கையும் சேர்த்து இறுக்குகின்றன. அவை தளர்ந்திருக்கும்போது புரொப்பெல்லரைச் சுற்றினால் பேரிங் நகர்ந்துவிடலாம். வேறு வேலைக்கு வந்த ஒருவர் அதைச் சுற்றிவிட்டார். எச்சரிக்கைச் சீட்டு மாட்டாதது என் தவறு. நகர்ந்ததா இல்லையா என்று உறுதிசெய்ய இன்ஜினை இறக்கி, கேஸைப் பிரித்தோம். நல்ல சிலிண்டருக்காக! இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல்தான்.

திரும்ப மாட்டும்போது இன்னொன்று. சிலிண்டர் ஃபிளாஞ்சில் (அடிவிளிம்பு) நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. நாளாக நாளாகப் பெயின்ட் நசுங்கும், இறுக்கம் போய்விடும், போல்ட் முறியும்.

பையனை இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத் திரும்ப எடுக்கச் சொன்னேன். 74.

கீழே விழுந்த ஸ்பார்க் பிளக்

குப்பைக்கு.

மேக்னெட்டோ சுவிட்சை நம்புவது

சுவிட்சை ஆஃப் செய்தால் மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவி) ஒரு ஒயர் வழியாக எர்த் ஆகிறது, அவ்வளவுதான். அந்த ஒயர் அறுந்திருந்தால் சாவி உங்கள் பாக்கெட்டில் இருந்தாலும் புரொப்பெல்லரைக் கொஞ்சம் திருப்பினாலே இன்ஜின் உதைக்கலாம்.

ஆயில் ஃபில்டரை வெட்டாமல் எறிவது

வெட்டி, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு.

லைசென்ஸ் வந்ததும் எல்லாவற்றிலும் கையெழுத்து

அமெரிக்காவின் ஏ அண்டு பி சான்றிதழ் (விமான உடல், இன்ஜின் மெக்கானிக்குக்கானது) இருந்தால், 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனையை முடித்துக் கையெழுத்திடலாம். ஆண்டுப் பரிசோதனைக்கு ஐ.ஏ. எனும் தனிப் பரிசோதனை அங்கீகாரம் வேண்டும், அதைக் கேட்கவே மூன்று வருடம் அந்தச் சான்றிதழோடு இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் பி3 லைசென்ஸ், 2,000 கிலோவுக்கு மேற்படாத, கேபின் அழுத்தம் இல்லாத பிஸ்டன் விமானங்களோடு நின்றுவிடும். அதற்கு மேற்பட்ட பிஸ்டன் விமானங்கள் வேண்டுமானால் பி1.2 லைசென்ஸ்.

அப்புறம், அனுபவக் குறிப்பேடு. செய்த வேலையை அன்றைக்கே எழுதி, மேற்பார்த்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். என்னை மேற்பார்த்தவர் வேலை மாறிப் போனபின் அவரைத் தேடி நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை.