எலுமிச்சையில் மின்சாரம் இல்லை: ஆற்றல் பாடத்துக்குக் கருவி செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அறிவியல் கண்காட்சிகளில், நாங்கள் முன்பு செய்த தவறுகளையே புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களும் செய்வதைப் பார்க்கிறேன். கோணல் அட்டை, எழுத்துப்பிழை எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

எலுமிச்சையை ஆற்றல் மூலமாகக் காட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நாலு எலுமிச்சம்பழம், செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஆணிகள், மங்கலாக எரியும் ஒரு சிவப்பு எல்இடி. மேலே ‘பழத்திலிருந்து மாசில்லா மின்சாரம்’ என்று அட்டை. விளக்கம் சொல்ல நின்ற பிள்ளையிடம், “கரண்ட்டு எங்கேருந்து ஆத்தா வருது?” என்று கேட்டேன். “பழத்துல இருக்கிற புளிப்புலேருந்து சார்” என்றாள். பக்கத்தில் ஆசிரியர் தலையாட்டுகிறார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கிவரும் ஊர் இந்தக் காரைக்குடி!

ஆற்றலைத் தருவது ஆணியில் உள்ள துத்தநாகம். அது கரையும்போது எலக்ட்ரான்களை விடுகிறது. அவை கம்பி வழியே செம்புக்குப் போக, அங்கே சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் வாங்கிக்கொள்கின்றன. பழச்சாறு வெறும் மின்பகுளி, அதாவது அயனிகள் நகர வழிவிடும் திரவம், அவ்வளவுதான். துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிக்கவே ஏகப்பட்ட ஆற்றல் செலவாகியிருக்கிறது. அதில் ஒரு துளிதான் இங்கே திரும்பி வருகிறது. இதைச் சொல்லாமல் விட்டால், சூரியன், காற்று, எலுமிச்சை என்று பிள்ளைகள் ஒரே வரிசையில் எழுதிவைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியல் நடத்தும்போது அந்த எண்ணத்தைப் பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்தியவர்களுக்குத் தெரியும்.

சோதனையைக் கைவிட வேண்டாம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க விடுங்கள். பழத்துக்குப் பதில் புளித்தண்ணீர், அப்புறம் உப்புத்தண்ணீர்: மல்டிமீட்டர் அப்போதும் மின்னழுத்தம் காட்டும். இப்போது பழத்தையே வைத்து, ஆணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செம்பைச் செருகச் சொல்லுங்கள். அளவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். யார் ஆற்றல் தருகிறார் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

கணக்கும் போடலாம். ஒரு பழம் சுமார் 0.9 வோல்ட் தரும், ஒரு மில்லி ஆம்பியர் கிடைத்தாலே அதிகம். அப்படியானால் 9 வாட் பல்புக்கு 10,000 பழம் வேண்டும்.

சோதித்த பழத்தைச் சர்பத்துக்குப் பிழிய விடாதீர்கள். அதில் துத்தநாகம் கரைந்திருக்கிறது.

வாட்டையும் யூனிட்டையும் குழப்புவது

வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம், யூனிட் என்பது செலவான மொத்த ஆற்றல்: 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். வீட்டு மீட்டரைக் காலையும் மாலையும் குறித்து வரச் சொன்னால் போதும்.

பாதரசத் தெர்மாமீட்டர்

வேண்டாம்.

தெர்மாமீட்டரை வெயிலில் வைப்பது

பனிக்கரடிப் படம் ஒட்டிப் பருவநிலை நடத்துவதைவிட, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடு ஒன்றுக்கு அனுமதி கேட்டுப் பிள்ளைகளை அழைத்துப்போகலாம். கனமான சுவர், உயரமான கூரை, நடுவில் திறந்த முற்றம். ஆனால் முற்றத்து வெயிலில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அதைக் காற்றின் வெப்பநிலை என்று எழுதக்கூடாது. வெயில் பட்டால் அது தன் சூட்டைத்தான் காட்டும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் ஒன்று, கான்கிரீட் தளம் போட்ட வகுப்பறையில் ஒன்று, இரண்டும் நிழலில், தரையிலிருந்து ஒரே உயரத்தில். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு குழுவும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். எது குறைவாக இருக்கும், ஏன் என்று கிளம்புவதற்கு முன்னாலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.