அமெரிக்காவில் நர்ஸ் மிட்வைஃபிடம் போவதற்கு முன்

மிட்வைஃப் என்றதும் நம்மில் பலருக்கு அந்தக் காலத்து மருத்துவச்சிதான் நினைவுக்கு வருகிறார். அதனாலேயே "வீட்டுப் பிரசவமெல்லாம் வேண்டாம்மா, டாக்டரிடமே போகிறேன்" என்று எத்தனையோ பெண்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். அமெரிக்காவில் பெயருக்குப் பின்னால் சிஎன்எம் (CNM, அதாவது சான்றிதழ் பெற்ற நர்ஸ் மிட்வைஃப்) என்று போட்டுக்கொள்பவர் பதிவு பெற்ற நர்ஸ், அதற்கு மேல் மிட்வைஃபரி என்ற மிட்வைஃப் படிப்பில் முதுகலையோ டாக்டரேட்டோ படித்து, ஏஎம்சிபி (AMCB) என்ற தேசிய வாரியத்தின் தேர்வில் தேறியவர். 50 மாநிலங்களிலும் மருந்து எழுதித் தர இவர்களுக்கு உரிமை உண்டு. இவர்கள் பார்க்கும் பிரசவங்களில் பெரும்பாலானவை நடப்பதும் ஆஸ்பத்திரியில்தான்.

முதல் யோசனை, கர்ப்பமாகும் வரை காத்திருக்காதீர்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் டெஸ்ட், கருத்தடை சாதனம் பொருத்துவது, மாதவிடாய்ப் பிரச்சினை, வெள்ளைப்படுதல், மெனோபாஸ் சமயத்து உடம்புச்சூடும் தூக்கமின்மையும், எல்லாவற்றுக்கும் இவரிடம் போகலாம். வருடாந்திர செக்கப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்கிறாரா, பரிசோதனைக்கு முன் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லி உங்கள் சம்மதத்தைக் கேட்கிறாரா என்பது அந்த ஒரு தடவையிலேயே தெரிந்துவிடும்.

தகுதியைச் சரிபார்ப்பது சுலபம். ஏஎம்சிபி தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும், 5 வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். சிபிஎம் (CPM, நர்ஸ் படிப்பு கட்டாயமில்லாத மிட்வைஃப்) என்று இருந்தால் அது வேறு பயிற்சி, வேறு சான்றிதழ், பெரும்பாலும் வீட்டிலும் ஆஸ்பத்திரி அல்லாத பிரசவ மையங்களிலும் வேலை செய்பவர்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகெய்ட் எல்லா மாநிலங்களிலும் சிஎன்எம் சேவைக்குப் பணம் தருகிறது. தனியார் இன்சூரன்ஸ் என்றால் போன் போட்டு மிட்வைஃப் அவர்களுடைய நெட்வொர்க்கில், அதாவது அவர்கள் ஒப்பந்தம் போட்டிருப்பவர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்று கேளுங்கள், அதோடு நிறுத்தாமல் அவர் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் பில் தனித்தனியாக வரும்.

கர்ப்பத்துக்காகப் போகிறீர்கள் என்றால் முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். வலி எடுக்கும் அன்று நீங்களேதான் வருவீர்களா, இல்லை டியூட்டியில் இருப்பவரா? வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிட்யூரல் கேட்டால் கிடைக்குமா? (ஆஸ்பத்திரி என்றால் பொதுவாகக் கிடைக்கும், பிரசவ மையத்தில் கிடையாது.) எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, எந்தக் கட்டத்தில் என்னை டாக்டரிடம் ஒப்படைப்பீர்கள், அந்த டாக்டர் யார்? சிசேரியனை டாக்டர்தான் செய்ய வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால், ஏற்கெனவே கடுமையான ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால், டாக்டர்தான் முன்னால் நிற்பார். சில இடங்களில் அப்போதும் மிட்வைஃப் கூடவே இருந்து பார்த்துக்கொள்வார். இந்தக் கேள்விக்குத் தயங்காமல், ஆள் பெயரோடு பதில் சொல்பவரை நம்பலாம். "அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று மழுப்பினால் நானாக இருந்தால் வேறு ஆளைத் தேடுவேன்.

என் ஏழாம் மாதச் சந்திப்பு ஒன்று இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. மிட்வைஃப் இரு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றைத் தடவி, இதோ முதுகு, இதோ தலை என்று என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். பிறகு தையற்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பை அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை வைத்து அளந்தார். 28 வாரத்துக்கு 28 சென்டிமீட்டர், இரண்டு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றார். அப்புறம் இரவில் தூக்கம் வருகிறதா, வீட்டில் நிம்மதியாக இருக்கிறாயா என்றும் கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். கணவரோ மாமியாரோ கூட வந்திருந்து பேசக் கூச்சமாக இருந்தால், கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும், அவர்களை வெளியே உட்கார வைத்துவிடுவார்.

குழந்தை பிறந்த பிறகும் அவர் தேவை. ஆறு வாரம் கழித்து ஒரு செக்கப் என்ற பழைய வழக்கம் போதாது, முதல் 3 வாரத்துக்குள் ஒருமுறை பேசிவிட வேண்டும், 12 வாரத்துக்குள் முழுப் பரிசோதனை முடிய வேண்டும். தையல் வலி, பால் கட்டுவது, காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், தலைவலி விடாமல் அடித்துக் கண் மங்கினால், ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் நேரே அவசர உதவி எண் 911. மிட்வைஃபின் இரவு நேர எண்ணை இப்போதே உங்கள் போனிலும் வீட்டில் இருப்பவர் போனிலும் சேமித்து வையுங்கள்.