பழைய பத்திரத்தில் ஆண்டு: 12 வருஷம் தவறிய கணக்கு

செங்கோட்டை 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; அதற்கு முன் திருவிதாங்கூர் பக்கம். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, வரும். சிலவற்றில் தமிழ் எண்ணிலேயே.

௲௱௨௰௪ என்றிருந்ததை 1112 என்று படித்துவிட்டேன். காரணம் ரோமன் எண் பழக்கம். அதில் பெரிய குறிக்கு முன் சிறியது வந்தால் கழிக்க வேண்டும். ௨ இரண்டு, ௰ பத்து; ௨௰ எனக்கு எட்டாகிவிட்டது. தமிழில் முன்னால் நிற்பது பெருக்கும், பின்னால் நிற்பது கூட்டும். ௨௰ என்றால் 2×10. ஆக 1000+100+20+4 = 1124. ௲, ௱, ௰ தனியாக நின்றால் முன்னால் ஒன்று இருப்பதாகவே கொள்ள வேண்டும்; ௧௰ என்று எழுதும் வழக்கமில்லை. பழைய முறையில் பூஜ்யமும் கிடையாது, 1004 என்பது வெறும் ௲௪.

கையெழுத்தில் ௰ ‘ய’ போலவும் ௱ ‘ள’ போலவும் தெரியும். எழுத்தென்று தாண்டிப் போனால் கணக்கு போச்சு.

அடுத்தது ஆங்கில ஆண்டு. கொல்லம் ஆண்டு ஆவணி 1-இல் பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824 கூட்டுங்கள், அதன்பின் ஆடிக் கடைசி வரை 825. 1124 ஆவணி என்றால் 1948. அதே 1124 தை என்றால் 1949. மாதம் பார்க்காமல் கூட்டாதீர்கள்.