பத்மநாபபுரம் அரண்மனைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம், அதனால் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் பத்மநாபபுரம் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. நாங்களும் வந்தவர்களும் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிழமையைப் பாருங்கள், திங்கட்கிழமை விடுமுறை. ஒரு தடவை மதுரையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும் என்று நினைத்து மறுநாள் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய வாசலில் நின்றோம், அன்று இரவே அவர்களுக்கு ரயில், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னொன்று, 1956 நவம்பர் 1-ல் இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையை இன்றும் பார்த்துக்கொள்வது கேரளத் தொல்லியல் துறைதான், அதனால் பண்டிகையை ஒட்டி வருகிறவர்கள் நம் ஊர் காலண்டரை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பெரிய தவறு என்னவென்றால், மிச்சமிருக்கிற நேரத்தை அரண்மனைக்குக் கொடுப்பது. காலையில் கன்னியாகுமரியில் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, அப்புறம் சுசீந்திரம், அதை முடித்துவிட்டுப் பன்னிரண்டரை மணிக்கு இங்கே வந்து இறங்குகிறார்கள். மதியம் 1 முதல் 2 வரை மூடிவிடுவார்கள். அரை மணி நேரத்தில் ஓட்டமாகச் சுற்றிவிட்டு, "மர வீடுதானே, இதில் என்ன இருக்கு?" என்று வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 1601-ல் தொடங்கிய கட்டடம் இது, 1750-ஐ ஒட்டி மார்த்தாண்ட வர்மா எடுத்துக் கட்டினார், 1795 வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரம் முன்பு கல்குளம் என்று அழைக்கப்பட்ட இந்தப் பத்மநாபபுரம்தான். தஞ்சாவூர், மைசூர் போல உயர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்து வந்தால் கண்ணுக்கு ஒன்றும் படாது. இங்கே குனிந்தும் அண்ணாந்தும் பார்க்க வேண்டும்.

நுழைவு மண்டபமான பூமுகத்திலேயே நில்லுங்கள். தொங்குகிற குதிரை விளக்கைப் பாருங்கள், மேல்கூரையில் செதுக்கிய பூக்களில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், பத்து நிமிடம் போவதே தெரியாது. மேலே மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய இடம், வெளியே கொளுத்தினாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கறுப்புக் கண்ணாடி போல மின்னுகிற தரையைச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவதால் அந்த வழவழப்பைக் காலிலேயே உணரலாம். இதற்காகத்தான் காலை 9 மணிக்கே போய்விடுங்கள் என்கிறேன், உச்சி வெயிலில் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும், சின்னப் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள்.

அங்கங்கே நிற்கிற ஊழியர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மலையாளம் கலந்த தமிழில் பேசுவார்கள், "அக்கா, இது என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உப்பரிகை மாளிகையில் இருக்கிற மூலிகை மரக்கட்டில் 64 வகை மரத்தால் ஆனது என்பதிலிருந்து, சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிட்டது வரை சொல்லிக்கொண்டே வருவார்கள். நீங்களாகச் சுற்றினால் ஊட்டுப்புரை ஒரு நீளமான காலி அறை, அவ்வளவுதான்.

வயதானவர்கள் வந்தால், படிகள் குறுகல், செங்குத்து, வாசல்கள் தாழ்வு. எங்கள் அம்மாவை எல்லா மாடிக்கும் ஏற்றி இறக்கியதில் பாதியிலேயே முட்டுவலி வந்துவிட்டது. மாடிகளைக் கட்டாயப்படுத்தாமல் அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தையும் நவராத்திரி மண்டபத்தையும் நிதானமாகக் காட்டினால் போதும்.

பஸ்ஸில் வருகிறவர்கள், மலையாளத்தில் அரண்மனைக்குக் கொட்டாரம் என்று பெயர் என்பதால் கொட்டாரம் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். அது கன்னியாகுமரி போகிற வழியில் இருக்கிற வேறு ஊர். நாகர்கோவிலிலிருந்து தக்கலை பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் வாருங்கள், இரண்டு கிலோமீட்டர்தான்.

நவராத்திரிக்கு முன்பு சரஸ்வதி அம்மன் இங்கிருந்து யானை மேல் திருவனந்தபுரம் புறப்படுகிற அன்று அரண்மனையைச் சுற்றிப் பார்க்க வராதீர்கள். அந்த ஊர்வலத்தைப் பார்க்கவே வாருங்கள், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடப் போவார்கள்.

மதியத்துக்கு மேல் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் என்று மூன்றையும் திணிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் இருக்கிற உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள், இங்கே டிலனாய் கோட்டை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டிலனாய் 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தலைவராகி 1777-ல் இறந்தார், கல்லறை உள்ளேயே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கும். தமிழ் வரிகளைப் பிள்ளைகளையே எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.